வாசலைச் சாத்தாத அமுதாயி

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கிற உயிரணுக்களும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு அணுவும் ஒரு சின்ன வீடு. இரத்தத்தில் வருகிற சர்க்கரையை வாசல் வழியாக அளவாய் எடுத்துக்கொள்ளும்.

செல்லக்கிளி என்ற பெண்ணின் மார்பில் பால் சுரக்கும் அணுக்கள் குடியிருந்தன. குழந்தை குடிக்கிற வரைக்கும் அவை கூடுதலாக வாசல் திறக்கலாம். பால் மறந்ததும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் உதிர்ந்துவிட வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

ஒருநாள் செல்லக்கிளி காம்பில் வேப்பிலையை அரைத்துத் தடவினாள். பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். அப்புறம் வரவே இல்லை.

அணுக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சிலம்பாயி என்ற அணு போகும்போது பக்கத்து வீட்டு அணுவான அமுதாயியைக் கூப்பிட்டாள். "அமுதாயி, வாடி. நம்ம வேலை முடிஞ்சிருச்சு."

"நீங்க போங்கக்கா. கசப்பு மறந்ததும் வருவான். வர்றப்போ பால் இல்லேன்னா?"

"அவன் இப்ப இட்லி திங்கிறான்டி."

"இட்லி தின்னா விக்கும்ல. குடிக்க வருவான்."

சிலம்பாயி சிரித்துக்கொண்டே உதிர்ந்துபோனாள்.

அமுதாயி தாழ்ப்பாளைப் பிடுங்கி இரத்தத்தில் எறிந்தாள். தனியாகக் காத்திருக்க முடியாமல் தன்னைப் போலவே இன்னொருத்தியை உண்டாக்கினாள். பிறகு இன்னும் பலரை. ஒருத்தி வீட்டிலும் தாழ்ப்பாள் இல்லை. வந்த சர்க்கரையெல்லாம் உள்ளே போயிற்று. பால் மட்டும் ஊறவில்லை.

செல்லக்கிளியின் மார்பில் கட்டி திரண்டது; அதைக் கரைக்க ஒரு மருந்து வந்தது. "வாசலச் சாத்த வந்திருக்கேன், தாயி."

"சாத்திட்டா என் புள்ள எப்படி வருவான்?"

மருந்து சர்க்கரை வாசலை அடைத்தது. அவள் பருப்புச் சத்துக்கு வேறு வாசல் திறந்தாள். மருந்து உள்ளேயே வந்து உட்கார்ந்தது. அவள் பின்வாசல் வழியாக அதை வெளியே தள்ளினாள்.

வெளியே நின்று மருந்து கேட்டது. "அழுற சத்தம் கேக்குதா? உன் புள்ளதான். தூக்கச் சொல்லி அழுறான். அவன் அம்மா கையில தெம்பு இல்ல. அதெல்லாம் உன் வீட்டுல கிடக்கு."

அமுதாயி காது கொடுத்துக் கேட்டாள். அதே குரல்தான். இத்தனை நாள் அவள் காத்திருந்த குரல். கை தானாகக் கதவுக்குப் போயிற்று. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெறும் துளைதான் இருந்தது.

அன்று முதல்தான், புற்று அணுவுக்கு ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்று திறந்துகொள்கிறது; மருந்துகளும் இரண்டு மூன்றாகத் துணை சேர்ந்து, அவள் எறிந்த தாழ்ப்பாளைத் தேடி இரத்தமெல்லாம் அலைகின்றன.