பத்தொன்பது நாள் சாத்திய ஜன்னல்

புளியம்பாறை மடத்துக்கு அருமைநாயகம் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தொரு வயது. கையில் இரண்டு பெட்டி. ஒன்றில் துணி, இன்னொன்றில் காகிதம். காகிதப் பெட்டிதான் கனம்.

வரப்போகிற நூறு வருஷத்தைப் பற்றி அவர் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார். எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை பேருக்குத் தண்ணீர் கிடைக்கும், எந்த ஊருக்குள் கடல் வரும், எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. மனிதர்கள் இதையெல்லாம் தாண்டிவிடுவார்களா, மாட்டார்களா? அந்த ஒரு வரி எழுத வராமல் மூன்று வருஷமாகத் தூக்கம் கெட்டுப்போனவர் அவர்.

மடத்தை நடத்திவந்த தவசியம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஒரு காலத்தில் நர்ஸ் வேலை பார்த்தவர். பேச்சும் ஊசி போடுகிற மாதிரிதான், சுருக்கென்று முடிந்துவிடும்.

அருமைநாயகம் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்.

“அம்மா, இன்னும் நூறு வருஷத்துல மனுஷங்க தப்பிப்பாங்களா?”

“உங்களுக்குப் பாலுக்கு உறை ஊத்தத் தெரியுமாய்யா?”

“தெரியாதும்மா.”

“அதைக் கத்துக்குங்க.”

உலக மாநாடுகளில் பேசிய மனிதருக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்தது. ஆனால் கேட்டு வந்தவர் ஆயிற்றே. வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

மடத்துத் தயிருக்கு ஒரு வரலாறு உண்டு. நூற்றுப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், மடத்தை ஆரம்பித்த பெரியவர் ஒரு கலயத்தில் உறைமோரை ஏந்திக்கொண்டு நடந்தே வந்தாராம். அன்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து மறுநாள் பாலுக்கு, அதில் கொஞ்சம் அதற்கு மறுநாள் பாலுக்கு என்று இன்றுவரை அது விட்டுப்போகவில்லை. காலையில் அடுப்படி ஜன்னலில் கிண்ணத்தோடு வந்து நிற்கிற யாருக்கும் ஒரு கரண்டி உறை ஊற்றுவார்கள். யார், எந்தத் தெரு என்ற கேள்வியே கிடையாது.

இரண்டாவது மாதம் அந்தப் பொறுப்பு அருமைநாயகத்திடம் வந்தது. முதல் நாள் ஜன்னலில் நாற்பத்து மூன்று பேர். கரண்டியைப் பிடித்தபடியே அவர் கணக்குப் போட்டார். எத்தனை கிண்ணம், எத்தனை கை! ஒரு கெட்ட கிருமி புகுந்தால் நூற்றுப் பன்னிரண்டு வருஷமும் ஒரே நாளில் போய்விடுமே!

மறுநாள் ஜன்னலைச் சாத்தினார். உறைமோரை மூன்று எவர்சில்வர் டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டினார். ஒன்று கெட்டால் இரண்டு, இரண்டும் கெட்டால் மூன்றாவது. சாவி இடுப்பில்.

“இனிமே பயமே இல்லைம்மா,” என்று தவசியம்மாவிடம் போய்ச் சொன்னார்.

தவசியம்மா சாவியைப் பார்த்தார். “அடுப்படி உங்க பொறுப்பு,” என்றார். அவ்வளவுதான்.

நான்காம் நாள் கீழத்தெரு பேச்சி வந்து ஜன்னலைத் தட்டினாள்.

“வீட்டுல உறை கெட்டுப்போச்சு சாமி. ஒரு கரண்டி ஊத்துங்க.”

“மன்னிச்சுக்கம்மா. இது பாதுகாக்க வேண்டிய பொருள்.”

பேச்சி வெறும் கிண்ணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அன்று முழுக்க அருமைநாயகத்துக்கு நெஞ்சுக்குள் என்னவோ உறுத்தியது. நாம் செய்ததுதான் சரி என்று தனக்குத் தானே நாலு தடவை சொல்லிக்கொண்டார். சரியான காரியத்தை யாரும் நாலு தடவை சொல்லிக்கொள்வதில்லை.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம். மறுநாள் குருபூஜை. எண்ணூறு பேருக்குத் தயிர்சாதம். பெரியவர் கொண்டுவந்த உறையில் உறைந்த தயிர் என்பதற்காகவே சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வரும்.

அண்டா அண்டாவாகப் பால் காய்ந்து இறங்கியது. விரலை விட்டுச் சூடு பார்ப்பதுதான் மடத்து வழக்கம். அருமைநாயகத்துக்கு அது அசுத்தமாகப் பட்டது. கண்ணாலேயே பார்த்தார். மனசோ அந்த வெள்ளைப் பக்கத்தில் கிடந்தது. உறையாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று டப்பாவையும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றினார். பாலில் ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

விடியற்காலையில் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தது பாலும் இல்லை, தயிரும் இல்லை. ஒவ்வொரு அண்டாவாகத் திறந்தார். எல்லாம் அதே கதை. சூட்டில் உறை செத்துப்போயிருந்தது. முந்தைய நாள் தயிரும் தீர்ந்து சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

எத்தனை பஞ்சம், எத்தனை கொள்ளைநோய் பார்த்த தயிர் அது. எதிலும் அறுந்துபோகாத ஒன்று தன் கையில் அறுந்துவிட்டது. அருமைநாயகம் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதார். எழுந்து முகத்தைக்கூடக் கழுவாமல் தவசியம்மாவிடம் போனார்.

“உறை செத்துப்போச்சும்மா. நான்தான் கொன்னேன்.”

அருமைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“கடைசிப் பக்கத்துக்கும் பதில் கிடைச்சிருச்சு. தப்பிக்க மாட்டாங்க. என்னை மாதிரி ஒருத்தன் போதும். இன்னிக்கே கிளம்புறேன்.”

தவசியம்மா பரணிலிருந்து ஒரு மண்கலயத்தை இறக்கித் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

“கிளம்புங்க. ஊருக்குள்ள போய் உறை கேட்டு வாங்கிட்டு வாங்க. பால்காரரை மறுபடி வரச் சொல்றேன்.”

“யார் வீட்டுலம்மா கேட்குறது?”

“முதல்ல எந்தக் கதவு வருதோ அங்க.”

முதலில் வந்த கதவு பேச்சியுடையது. அருமைநாயகம் அதைத் தாண்டிப் போகப் பார்த்தார். கால் நகரவில்லை. ஓடிப்போவதற்கு இது நல்ல நேரம்தான்; பஸ்ஸும் வருகிற நேரம். கலயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

“என்ன சாமி, வெறுங்கலயத்தோட?” என்றாள் பேச்சி.

“மடத்துல உறை கெட்டுப்போச்சும்மா. ஒரு கரண்டி ஊத்துவியா?”

பேச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். இப்போது கதவு சாத்தப்படும் என்று அவர் எதிர்பார்த்தார். சாத்தினால் அது நியாயம்தான் என்றும் நினைத்தார். அவள் உள்ளே போய்த் தயிர்ச்சட்டியையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஒரு கரண்டியை வச்சு எண்ணூறு பேருக்கு என்ன செய்வீங்க? கலயத்தை நேராப் பிடிங்க.”

“இது எங்க வாங்குனதும்மா?”

“நீங்க ஊத்த மாட்டேன்னீங்கல்ல, அன்னிக்கு மேலத்தெரு சபுரா பீவி குடுத்தாங்க.”

“அவங்களுக்கு?”

“அவங்க மாமியாரு காலத்துல மடத்து ஜன்னல்ல வாங்குனது. வேற எங்க வாங்குவாங்க?” பேச்சி சிரித்துவிட்டாள். “சூட்டோட ஊத்தியிருப்பீங்க. விரலை விட்டுச் சூடு பாருங்க சாமி. பிள்ளையைக் குளிப்பாட்டுற சூடு இருக்கணும். விரலு ஒண்ணும் தேஞ்சு போகாது.”

அருமைநாயகம் அடுத்த கதவைத் தட்டினார். அதற்கடுத்ததையும். வெட்கம் மூன்றாவது வீட்டோடு போய்விட்டது. சபுரா பீவி ஒரு சொம்பு நிறைய ஊற்றினார். லாரி ஓட்டுகிற சின்னையா, தன் அக்கா இதே உறையைச் சூரத்துக்குக் கொண்டுபோயிருப்பதாகச் சொன்னான். எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்: உங்க மடத்து உறைதானே சாமி. வெயில் ஏறுவதற்குள் கலயம் நிறைந்துவிட்டது. ததும்பாமல் இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

புதுப் பால் இறங்கியது. விரலை விட்டுப் பார்த்தார். சுட்டது. பொறுத்திருந்தார். மறுபடி பார்த்தார். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சூடு வந்ததும் ஊற்றினார். சாயங்காலம் மூடியைத் திறந்தபோது தயிர் கெட்டியாக, அசையாமல் நின்றது.

விளக்கு வைத்ததும் பந்தி ஆரம்பமானது. அதற்கு முன்பே அருமைநாயகம் மறுநாளைக்கான உறையைக் கலயத்தில் எடுத்து வைத்தார். அடுப்படிக்குப் போய் ஜன்னலையும் திறந்துவைத்தார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கூட்டம் கரையத் தொடங்கியதும் தவசியம்மா சட்டி கழுவ வந்தார். அருமைநாயகம் ஒரு சட்டியைத் தேய்த்தபடியே கேட்டார்.

“இது பெரியவர் கொண்டுவந்த அதே உறைதானாம்மா? ஏழு வீட்டுத் தயிர் கலந்திருக்கே.”

“பெரியவரும் கலயத்தோட நடந்துதான் வந்தாரு. வழியில எத்தனை வீட்டுல கேட்டு வாங்குனாரோ, யாருக்குத் தெரியும்?”

அருமைநாயகம் தேய்ப்பதை நிறுத்தினார்.

“காலையில நான் சொன்னதை எழுத மாட்டேன்மா. ஆனா தப்பிச்சுருவாங்கன்னு எழுதவும் எனக்குத் தைரியம் இல்லை. எத்தனை தடவை கெட்டுப்போகுமோ, எத்தனை பேரு என்னை மாதிரி ஜன்னலைச் சாத்துவாங்களோ! நான் என்னதான் எழுத?”

தவசியம்மா பதில் சொல்வதற்குள் ஜன்னலில் கிண்ணம் தட்டுகிற சத்தம் கேட்டது. பேச்சியும் அவள் மகள் பூவாயியும் நின்றிருந்தார்கள். பூவாயி தோளில் ஊருக்குப் போகிற பை.

“இவ இப்ப ராத்திரி பஸ்ஸுல திருப்பூருக்குப் புறப்படுறா சாமி. புதுக் குடித்தனம். ஒரு கரண்டி உறை ஊத்துங்க.”

“அது உன் வீட்டு உறைதானேம்மா!” என்றார் அருமைநாயகம்.

“அது உங்க மடத்து உறைதானே!” என்றாள் பேச்சி.

அருமைநாயகம் தவசியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். தான் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயேதான் நின்றது.

தவசியம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஆணியிலிருந்த கரண்டியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“நீங்க கேட்ட நூறு வருஷம் ஜன்னல்ல வந்து நிக்குது. போய் ஊத்துங்க.”