நண்டு செய்த சொட்டுக்கல்

காட்டுக்குட்டை ஒன்றின் கரையில் ஒரு நண்டு இருந்தது. "இந்தத் தண்ணியில நஞ்சு இருக்கு!" என்று அது பல கோடைகளாகக் கத்திவந்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நஞ்சுக்கு நிறமில்லை, வாடையில்லை. சில நாள் இருக்கும், சில நாள் இராது. போன கோடையில் புள்ளிமானின் மூத்த குட்டி தண்ணீர் குடித்த இடத்திலேயே விழுந்து செத்தது.

"வெயில் தாங்கல, பாவம்!" என்று சொல்லிவிட்டு விலங்குகள் எல்லாம் கலைந்து போயின.

நண்டு கத்துவதை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கியது. கரையில் மெல்லிய செம்பாறைத் தட்டு ஒன்று கிடந்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருந்தன. நண்டு எத்தனையோ வேர்களை மென்று பார்த்து, கடைசியில் ஒன்றின் சாற்றைத் துளைகளுக்குள் இறக்கி, உட்சுவரெல்லாம் பூசி உலர்த்தியது. அந்தப் பூச்சில் வேறு எதுவும் ஒட்டாது, குட்டை நஞ்சு மட்டும் ஒட்டும். நல்ல நீரைக் கல்லின் மேல் ஊற்றினால் அடியில் சொட்டும். நஞ்சு இருந்தால் அது துளைச்சுவரில் அப்பி வழியை அடைக்கும். சொட்டு நின்றுவிடும். பிறகு நெல்லிச்சாறு விட்டுக் கழுவினால் கல் மறுபடி தயார்.

முதல் முறை சொட்டு நின்றபோது காட்டுப்பன்றி சிரித்துக்கொண்டே குடித்தது. நாள் முழுக்கக் கால்களை உதைத்துக்கொண்டு புரண்டது. அன்றிலிருந்து எல்லாம் காலையில் வந்து, நண்டு நீர் ஊற்றுவதைப் பார்த்துவிட்டே குடித்தன.

"நண்டக்கா, இது எப்படி வேலை செய்யுது? எனக்கும் காட்டேன்!" என்று கேட்டது புள்ளிமான். அதன் இளைய குட்டி பக்கத்தில் நின்றது.

"ஏன், இப்பத்தான் காது கேக்குதா?" என்றது நண்டு. "நான் கத்தினப்ப புல்லு மேஞ்சவங்கதானே நீங்க! சொட்டினா குடி. நின்னா குடிக்காதே. அதுக்கு மேல உனக்கெதுக்கு?"

கல்லை யாரும் தொடக்கூட நண்டு விடவில்லை.

யானை மட்டும் வேறு ஒன்று கேட்டது. "நஞ்சு எங்கேர்ந்து வருது?"

"குட்டைமேல சாஞ்சிருக்கே, அந்த மரத்துலேர்ந்து! கருங்குரங்குங்க பழத்தைத் தின்னுட்டு நச்சுக்கொட்டையைத் தண்ணியில துப்புதுங்க."

"அப்படியா? இன்னொரு தடவை சொட்டு நிக்கட்டும். மரத்தைச் சாய்ச்சுடறேன்!"

மரத்தின் மேலிருந்த கருங்குரங்குத் தலைவன் இதைக் கேட்டான். இலையைத் தின்றே தாகம் தீர்த்துக்கொள்பவனுக்குக் குட்டையைப் பற்றி என்ன கவலை? மரம்தான் கவலை.

நண்டு ஓடு உரிக்கும் பருவம் வந்தது. உடம்பு மெத்தென்று ஆகிவிட, அது வளைக்குள் ஒடுங்கியது. நடுப்பகலில் மற்ற விலங்குகள் நிழலில் கண்ணயர்ந்திருந்தன. கருங்குரங்கு முள்ளம்பன்றியின் முள் ஒன்றை எடுத்துவந்து, கல்லின் துளைகளைக் குடைந்து குடைந்து பெரிதாக்கினான். பூச்சு தூளாக உதிர்ந்தது.

மறுநாள் காலை அவனே கல்லின் மேல் நீர் ஊற்றினான்.

"பாருங்க, பாருங்க! சொட்டக்கூட இல்ல, கொட்டுது! இதைவிட நல்ல தண்ணி உண்டா?"

வளைக்குள் கிடந்த நண்டுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அது பதறிப்போய் மெத்தென்ற உடம்போடு வெளியே ஊர்ந்து வந்தது.

"குடிக்காதீங்க! கல்லைக் கெடுத்துட்டான்! துளையைப் பாருங்க!"

எல்லாம் துளையைப் பார்த்தன. முன்பு எப்படி இருந்தது என்று ஒன்றுக்கும் தெரியாது.

"ஓடில்லாத நண்டு உளறுது!" என்றான் கருங்குரங்கு.

"சொட்டினா குடின்னு நீதானே சொன்னே, அக்கா?" என்றது மான். அதற்குள் தாகத்தில் இருந்த குட்டி தண்ணீரில் வாயை வைத்துவிட்டது. நாலு வாய் குடித்தது. கால்கள் விறைத்தன. அப்படியே சாய்ந்தது.

யானை அந்த மரத்தை வேரோடு பிடுங்கியது. கருங்குரங்குகள் வேறு மரம் தேடி ஓடின. மான் குட்டியின் பக்கத்திலேயே நின்றது.

"எனக்கும் காட்டுன்னு கேட்டேனே, அக்கா," என்றது.

ஓடு இறுகும்வரைகூட நண்டு காத்திருக்கவில்லை. அன்று மாலையே எல்லாவற்றையும் கூப்பிட்டு, கல்லில் பூசிய வேர் எது, துளை எப்படி இருக்க வேண்டும் என்று காட்டியது.

எல்லாரையும் காக்கும் அறிவை ஒருவரே பூட்டி வைத்திருந்தால், அதைக் கெடுக்க ஒரு வஞ்சகனே போதும்.