மூன்று பக்கப் பணிவு

பெரியோரே, பிள்ளைகளே, சற்றே செவி தந்து கேளுங்கள்.

மேற்கே, கடல் பல கடந்து, ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியில், அகன்ற ஆற்றின் கரையில் குர்துபா என்றொரு நகரம் இருந்தது. இன்றும் இருக்கிறது, கோர்தோபா என்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதை ஆண்ட அரசன் ஒருவன், குதிரைகளைவிட நூல்களையே அதிகமாகச் சேர்த்து வைத்திருந்தான்.

ஆற்றின்மேல் கற்பாலம். கரையெங்கும் ஓயாமல் முனகும் நீர்ச்சக்கரங்கள். காட்டு மரங்களைப் போல் தூண்கள் நிறைந்த பெரிய பள்ளிவாசல். இவற்றையெல்லாம்விட அந்நகரத்தார் பெருமையாகச் சொல்லிக்கொண்டது தங்கள் நூல் கடைத்தெருவைத்தான்.

அச்சு இல்லாத காலம் அது. நூல் வேண்டுமென்றால் ஒருவர் அமர்ந்து கையால் படியெடுக்க வேண்டும். படியெடுத்தவர் கடைசிப் பக்கத்தில் தம் பெயரை இட்டு, தம்மைத் தாழ்த்தி ஓரிரு சொல் சேர்த்து, படிப்பவர் தமக்காகப் பிரார்த்திக்குமாறு வேண்டிக்கொள்வது வழக்கம். நம் அடியார்கள் பதிகங்களில் தம்மை ‘நாயேன்’ என்று சொல்லிக்கொள்வதில்லையா, அதுபோல. அவர்கள் உள்ளம் உருகிச் சொன்னார்கள். இக்கதையைச் சொல்லும் அடியேனோ கல்வியில்லாதவன், கடையன், ஒன்றும் அறியாத... பாருங்கள், எவரும் கேட்காமலே நானும் தொடங்கிவிட்டேன். கதைக்கு வருவோம்.

அந்நகரில் கல்பூன் என்றொரு எழுத்தர் இருந்தார். முத்துக் கோத்தாற்போல் எழுதுவார். தம் முதல் நூலின் கடைசிப் பக்கத்தில் “எழுதியவன் எளியவன் கல்பூன்” என்று மட்டும் எழுதினார்.

கடைக்காரர் ஹம்தூன் அதைப் படித்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தார். “இவ்வளவு அழகாக எழுதிவிட்டு எளியவனாமே! ஆகா, எத்தகைய பணிவு!”

அந்தப் புகழ்ச்சி கல்பூனின் காதில் தேனாய் இறங்கியது. இரண்டாம் நூலில் “எளியவனிலும் எளியவன், தூசியினும் தூசி” என்று அரைப்பக்கம் எழுதினார். மூன்றாம் நூலில் முழுப்பக்கம் எழுதினார். வெள்ளிதோறும் தொழுகை முடிந்ததும் கடைத்தெருவுக்குச் சென்று, மற்ற எழுத்தர்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பார். தம்மைவிடத் தாழ்ந்தவர் எவருமில்லை என்று கண்டு மகிழ்ந்து வீடு திரும்புவார்.

ஒரு வெள்ளியன்று ஹம்தூன் அவரைக் கண்டதும் சிரித்தார். “ஓய் கல்பூனாரே, உம்மை மிஞ்ச ஆள் வந்துவிட்டார். தோல் பதனிடுவோர் தெருவில் ஒருவர், தம்மைக் குருட்டுக் கழுதையின் குளம்பில் ஒட்டிய சேறு என்று எழுதியிருக்கிறார். நீர் வெறும் தூசிதான்.”

“சேறு எப்படித் தூசியைவிடத் தாழ்ந்ததாகும்?” என்று கல்பூன் கொதித்தார்.

“தூசி காற்றடித்தால் மேலே பறக்குமே, ஐயா. சேறு பறக்காது.”

மூன்று நாள் கல்பூனுக்கு உணவு இறங்கவில்லை.

அந்நாளில் அரசனின் எழுத்துக்கூடத் தலைவர் காலமானார். நகரத்து மருத்துவமனைக்காக ஒரு மருந்து நூலுக்குப் படியெடுக்க வேண்டும். சிறந்த படியைத் தருபவரே தலைவர் என்று அரசன் அறிவித்தான். கல்பூன் இருபது ஆண்டுகளாக ஏங்கிய பதவி அது. போட்டிக்கு இருவரே வந்தனர். ஒருவர் கல்பூன். மற்றவர் கிழக்குப் புறநகரில் வாழ்ந்த ரும்மானா என்னும் பெண்மணி. அந்நகரில் பெண்களும் படியெடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தனர்.

கல்பூன் அல்லும் பகலும் எழுதினார். ஆயினும் அவர் மனமெல்லாம் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது. சேற்றை வெல்லும் சொற்கள் அவர் நெஞ்சில் பொங்கிக்கொண்டிருந்தன. ஆகவே கடைசி அத்தியாயத்தை விரைவாக எழுதி முடித்தார். பிறகு ஆற அமர மூன்று பக்கம் தம்மைத் தாழ்த்தினார்.

படியெடுத்த நூலை மூலத்தோடு ஒப்பிட்டு, பலர் முன்னிலையில் உரக்க வாசித்த பின்பே ஏற்பது அந்நகரத்து முறை. பள்ளிவாசல் முற்றத்தில், பேரீச்சை நிழலில், நீதிபதியான காஜியார் நடுவராக அமர்ந்தார். ஒருவர் படியை மற்றவர் வாசித்தார்.

ரும்மானாவின் படியில் கல்பூன் இரண்டு பிழைகளைக் கண்டு சொன்னார். “நல்லது, ஐயா” என்றாள் ரும்மானா. சிறு கத்தியால் அங்கேயே சுரண்டித் திருத்திக்கொண்டாள்.

பிறகு அவள் கல்பூனின் படியை வாசித்தாள். மூன்றாம் நாள், காய்ச்சல் கஷாயத்தைச் சொல்லும் இடத்தில் நிறுத்தினாள்.

“ஐயா, இங்கே ஒரு வரி இல்லை.”

“வெயிலில் கண் கூசியிருக்கும். இன்னொரு முறை பாரும், அம்மா.”

“மூன்று முறை பார்த்துவிட்டேன்.”

கல்பூன் துள்ளி எழுந்தார். “முப்பது ஆண்டுகளாக எழுதுகிறேன்! என் எழுத்தில் பிழை சொல்ல இந்நகரில் ஒருவன் பிறந்ததில்லை!”

“ஆண்பிள்ளை எவரும் பிறக்கவில்லை போலும். அதனால்தான் நான் வர வேண்டியதாயிற்று” என்றாள் ரும்மானா. முற்றம் முழுதும் சிரித்தது.

காஜியார் சிரிக்கவில்லை. நூலை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வாசித்தார். “‘என் எழுத்து பிழைகளின் காடு. என் கண் குருடு. குருட்டுக் கழுதையின் குளம்புச் சேற்றில் நெளியும் புழுவின் நிழல் நான்.’ கல்பூனாரே, இது உம் கையெழுத்துத்தானே?”

“ஆம், காஜியாரே.”

“எழுதியது உண்மையா?”

கல்பூன் இரு பக்கமும் எண்ணிப் பார்த்தார். உண்மை என்றால் பிழைக்காட்டை மருத்துவமனைக்கு யார் ஏற்பார்? பொய் என்றால் பொய்யர் எழுதிய நூலை யார் ஏற்பார்?

“அது... ஒரு வழக்கம், காஜியாரே.”

“வழக்கம் இருக்கட்டும். பிழைகளின் காடு என்று மூன்று பக்கம் எழுதியவர், அந்த அம்மாள் ஒரே ஒரு மரத்தைக் காட்டியதற்கு ஏன் இப்படிக் குதிக்கிறீர்?”

கல்பூன் தலை கவிழ்ந்தார். காஜியார் மூல நூலை அவர் கையில் கொடுத்தார். “உம் முப்பது ஆண்டு உழைப்பை மதிக்கிறேன். நீரே பார்த்துச் சொல்லும். உம் சொல்லை ஏற்கிறேன்.”

மூல நூல் பழையது, மை மங்கியிருந்தது. கல்பூன் குனிந்து பார்த்தார். “பெரியவர்களுக்கு இருவேளை ஒரு கிண்ணம் கொடுக்க” என்று ஒரு வரி. “குழந்தைகளுக்கு அதில் கால் பங்கே கொடுக்க” என்று அடுத்த வரி. இரண்டும் ஒரே சொல்லில் முடிந்ததால், அவசரத்தில் அவர் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருந்தது. அவர் படியில் குழந்தைகளைப் பற்றிய வரியே இல்லை.

‘மை அழிந்துவிட்டது, படிக்க முடியவில்லை’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். பதவி அவருக்கே. முதலில் பதவியை நினைத்தார். பிறகு சிரித்த கூட்டத்தை நினைத்தார். கடைசியில், காய்ச்சலில் வாடிக் கிடக்கும் ஒரு குழந்தையின் வாயில் முழுக் கிண்ணத்தைச் சாய்க்கும் தாயை நினைத்தார்.

“வரி இருக்கிறது” என்றார். குரல் மிகச் சிறிதாக வந்தது. “நான்தான் விட்டுவிட்டேன்.”

இருபது ஆண்டு ஆசை அந்தச் சிறு சொற்களோடு கரைந்தது.

ரும்மானா தன் கத்தியை அவர் பக்கம் நகர்த்தினாள். கல்பூன் அதை எடுத்துக் கடைசி மூன்று பக்கங்களையும் அறுத்தெடுத்தார். விடுபட்ட வரியை ஓரத்தில் தெளிவாக எழுதினார். நூலின் அடியில், மிச்சமிருந்த சிறு இடத்தில், “எழுதியவன் கல்பூன், விட்டதைக் கண்டவள் ரும்மானா” என்று எழுதி முடித்தார்.

பதவி ரும்மானாவுக்குச் சென்றது. நூல் மருத்துவமனைக்குச் சென்றது. கல்பூன் அவளுக்குக் கீழே எழுத்தராக அமர்ந்தார். அன்றே ஞானி ஆகிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். அவள் பிழை காட்டியபோது முதல் மாதம் முகம் சுளித்தார். மூன்றாம் மாதம் வாய் திறவாமல் திருத்தினார். ஓராண்டு கழிந்த பின்புதான் ‘நல்லது, அம்மா’ என்று அவர் வாயில் வந்ததாம்.

அவருக்கு ஓராண்டு போதுமாயிருந்தது. நானோ ஐம்பது ஆண்டுகளாகத் திருமுறை ஓதி வருகிறேன். சென்ற மாதம், ‘பிழை பொறுத்தருள்க’ என்று கைகூப்பித்தான் விரிவுரையைத் தொடங்கினேன். முன்வரிசையில் இருந்தவர் ஒருவர், நான் ஓரடியை மாற்றிச் சொன்னதை மெல்ல எடுத்துக்காட்டினார். அவரோடு நான் இன்னும் பேசவில்லை. நாளை பேசலாம் என்றிருக்கிறேன்.

ஆகவே கேட்டவர்களே, தன் குறையைத் தானே பாடிக்கொண்டிருப்பது பணிவாகாது. அதைப் பிறர் சுட்டும்போது ‘நல்லது’ என்று திருத்திக்கொள்வதே பணிவு.