காசியில் விட்டது

மடத்துச் சாமியைவிடச் சீடர் தாணுமூர்த்திக்கு வயது கூடுதல். சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அன்று அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே மனைவி கோமு, கையில் மாத்திரைப் பையோடு.

பெருங்குடல் புண், பல வருஷத்து நோய். நன்றாக இருந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அண்ணாச்சியும் ஒழுங்காகப் போட்டு, நோய் அடங்கித்தான் கிடந்தது. அப்புறம் இருவரும் காசிக்குப் போனார்கள். காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டுமே. இவர் மாத்திரையை விட்டுவிட்டு வந்தார். வேறு யாருக்குத் தோன்றும் இப்படி?

இப்போது மறுபடியும் ரத்தப்போக்கு. இனியும் பிடிவாதம் பிடித்தால் குடலை வெட்டி எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“சாமி, காசியில விட்டதத் திரும்பத் தொடலாமா?” என்று கேட்டார் அண்ணாச்சி.

சாமி கோமுவைப் பார்த்தார். “மதினி, நீங்க எத விட்டீங்க?”

“பலாப்பழம், சாமி.”

“ஏன் அது?”

“எனக்கு அதுன்னா உசுரு.”

சாமி தலையாட்டினார். பிறகு பேச்சை மாற்றுவதுபோல, நோய் வருவதற்கு முன்னால் அண்ணாச்சி எப்படி இருந்தார் என்று விசாரித்தார்.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனித் தேரோட்டம் முடிந்து சேக்காளிகளோடு பந்தியில் உட்கார்ந்ததைச் சொன்னார். தேங்காய்ப்பால் சொதியை வாங்கி வாங்கிக் குடித்தது, கண்ட ஊரில் கண்டதைத் தின்றது, பஸ் ஏறுமுன் கக்கூஸ் எங்கே என்று ஒருநாளும் தேடாதது. சொல்லச் சொல்ல அவருக்குக் கண் கலங்கியது. அந்த வயிறு திரும்பி வந்துவிட்டது என்று நம்பித்தான் மாத்திரையைக் கங்கையில் போட்டாராம்.

சாமி எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“காசியில பிடிச்சதத்தான விடணும், அண்ணாச்சி? மாத்திரை உங்களுக்குப் பிடிக்குமா?”

“கண்டாலே ஆகாது, சாமி.”

“அப்ப நீங்க இன்னும் எதையும் விடல. பிடிச்சது எதுன்னு இப்பத்தான் சொன்னீங்க. அந்தப் பழைய வயித்த இங்க இருந்தே கங்கையில விட்டுருங்க.”

அண்ணாச்சி சொம்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு மாத்திரைப் பைக்காக மனைவியின் பக்கம் கையை நீட்டினார்.