பிலோமி ஏற்றிய விளக்கு

கடலுக்குப் போனவன் திரும்பும்வரை பெண்சாதி கரையில் விளக்கேற்றி வைப்பது அந்த ஊர் வழக்கம். பிலோமியின் புருஷன் லாரன்ஸ் திரும்பவேயில்லை. பக்கத்துத் துறையில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று சேதி வந்தது. தப்புப் பண்ணினவன் அங்கே சுகமாயிருக்க, விசாரணை இங்கே!

ஊர்த்தலைவர் சந்தியாகு மீசையை முறுக்கினார். "புருஷன் தடம் மாறினா குத்தம் பெண்சாதி மேலதான். உன் விளக்கு சரியா எரியல. ஊர் முன்னாடி மன்னிப்புக் கேளு. இல்லேன்னா இந்தக் கரையில நீ மீன் விக்கக் கூடாது."

"கேக்கிறேன் அய்யா. அவர் வராத அன்னிக்கு, காத்துல உங்க வீட்டம்மா கரையில வெச்ச விளக்கு அணைஞ்சு போச்சே. நீங்க எதைப் பார்த்துக் கரை சேர்ந்தீங்க?"

அன்றைக்குத் தலைவரோடு படகில் வந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பொய் சொல்ல வழியில்லை.

"உன் விளக்கைப் பார்த்துத்தான்."

"உங்களுக்குத் தெரிஞ்ச விளக்கு அவருக்குத் தெரியாமலா போச்சு? சுக்கான் அவர் கையில இருந்துச்சு அய்யா, என் கையில இல்ல."

கூட்டம் சிரித்தது. தலைவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

பொழுது சாய்ந்ததும் ஜெயித்தவள் கரைக்குப் போனாள். விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டினாள். பிறகு அதைப் பக்கத்துத் துறையின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.