காத்தாயிக்கு எழுத்து வந்த கதை

காக்கைக்கும் குயிலுக்கும் கூடு யாருக்கு என்று வழக்கு நடந்துகொண்டிருந்த காலம். நெடுந்துறை நாட்டைக் கடம்பராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு நான்கு வயதில் தேமொழி என்று ஒரு மகள். பெற்ற தாய் இல்லை. குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைத்து வளர்த்தவள் செவிலி காத்தாயி. அவளுக்கும் அந்தப் பிள்ளையை விட்டால் உலகில் வேறு யாரும் இல்லை.

பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர மூன்று பண்டிதர்கள் வந்தார்கள். ஒருவர் போதாதா என்று கேட்காதீர்கள். அரண்மனையில் ஈ ஓட்டவே மூன்று பேர் உண்டு.

முதல் பண்டிதர் பாட்டாகச் சொல்லித்தந்தார். பிள்ளை அ முதல் ஔ வரை ஒரே மூச்சில் பாடியது. அரசன் மகிழ்ந்துபோய், சுவரில் காவியால் வரிசையாக எழுதியிருந்த எழுத்துகளில் ‘உ’வைத் தொட்டு, “இது என்னம்மா?” என்றான். பிள்ளை மறுபடி அ-வில் தொடங்கி ஔ-வில் முடித்தது.

“கேட்டீர்களா அரசே, அந்த எழுத்தும் அதில் வந்துவிட்டது” என்றார் பண்டிதர்.

இரண்டாம் பண்டிதர் பிள்ளையின் விரலைப் பிடித்து நெல்லில் எழுதவைத்தார். எழுத்து முத்து முத்தாக வந்தது. அரசன், “கையை விடுங்கள், பார்ப்போம்” என்றான். விட்டார். விரல் நட்ட குச்சிபோல நெல்லிலேயே நின்றது.

“யார் கை எழுதினால் என்ன அரசே, எழுத்து ஒன்றுதானே” என்றார் அவர்.

மூன்றாம் பண்டிதர் எழுத்துக்குப் பக்கத்தில் படம் வரைந்தார். அ-வுக்கு அணில், ஆ-வுக்கு ஆடு. பிள்ளை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. அரசன் அணிலைக் கையால் மூடிவிட்டு, “இப்போது?” என்றான்.

“அணில் ஓடிப்போச்சு” என்றது பிள்ளை.

அதுவரை எதிலும் ஒத்துப்போகாத மூவரும் அன்று ஒன்றில் ஒத்துப்போனார்கள். குற்றம் செவிலியுடையது. தயிர்ச்சோறு ஊட்டி அறிவை மந்தமாக்கினாள் என்றார் ஒருவர். இறுக்கிச் சடை பின்னியதால் பாடம் உள்ளே இறங்கவில்லை என்றார் ஒருவர். அவள் பேச்சுக் கொச்சை, அது தொற்றிக்கொண்டது என்றார் ஒருவர்.

அரசன் ஆழ்ந்து யோசித்தான். பண்டிதர்களைத் துரத்தினால் நாட்டுக்கு இழுக்கு. செவிலியைத் துரத்தினால் ஒரு பாய் காலியாகும், அவ்வளவுதான். “பௌர்ணமிக்குள் என் மகள் சபையில் மூன்று எழுத்துப் படிக்க வேண்டும். இல்லையென்றால் காத்தாயி போகட்டும்” என்று தீர்ப்புச் சொன்னான்.

காத்தாயிக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மறுநாள் நண்பகலில், விருந்துண்ட களைப்பில் பண்டிதர்கள் மூவரும் மூன்று சுருதியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, அவள் பிள்ளையைச் சுவரருகே அழைத்துப் போனாள்.

“கண்ணு, நீ பாடுறியே, அதுல இது எது?”

“பாட்டைக் கேளு, வரும்.”

“என் காது அவ்வளவு வேகமா ஓடாது ராசாத்தி. ஒண்ணு பாடு, ஒண்ணைத் தொடு.”

முதல் நாள், பாட்டு முடிந்தும் எழுத்து மிச்சம் இருந்தது. இரண்டாம் நாள், எழுத்து முடிந்தும் பாட்டு மிச்சம் இருந்தது. மூன்றாம் நாள் விரலும் பாட்டும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. அதன்பின் காத்தாயி நடுவில் எதைத் தொட்டுக் கேட்டாலும் பிள்ளை சொன்னது.

குளியலறைக் கல்தரையில் காத்தாயி ஈரவிரலால் எழுதிப் பார்த்தாள்.

“அய்ய, காத்தாயி, உன் ‘உ’ மல்லாந்து கிடக்கு.”

“நீ எழுப்பி உட்காரவை.”

பிள்ளை தானே எழுதிக் காட்டியது. விரலை யாரும் பிடிக்கவில்லை. காத்தாயி மேலும் மூன்று முறை தப்பாக எழுதினாள். மூன்றும் உண்மையான தப்புகள்தாம். நடிக்கத் தெரிந்திருந்தால் அவளும் பண்டிதராகியிருப்பாளே.

பௌர்ணமி வந்தது. காத்தாயி மூட்டையைக் கட்டி வைத்துவிட்டே சபைக்கு வந்தாள். அமைச்சர் மணலைப் பரப்பி, வரிசை இல்லாமல், படம் இல்லாமல், மூன்று எழுத்து எழுதினார். பிள்ளை குனிந்து பார்த்தது. “ஈ” என்றது. “ஒ” என்றது. “உ” என்றது. பிறகு கேட்காமலே பக்கத்தில் ஓர் ‘அ’ எழுதியது.

“என் பாட்டு” என்றார் முதல் பண்டிதர். “என் பிடி” என்றார் இரண்டாமவர். “என் அணில்” என்றார் மூன்றாமவர்.

அரசன் மகளிடமே கேட்டான். “உனக்கு யாரம்மா சொல்லித்தந்தது?”

“யாரும் சொல்லித்தரலை அப்பா. நான்தான் காத்தாயிக்குச் சொல்லித்தர்றேன். அவ ரொம்ப மெதுவு. இன்னும் ‘ஔ’ வரலை. அவளை அனுப்பிட்டா பாடம் பாதியில நின்னுடும்.”

அரசன் நீதிமான் அல்லவா? பண்டிதர்கள் மூவருக்கும் பட்டுச் சால்வை போர்த்தினான். காத்தாயிக்கு ‘ஔ’ வரும்வரை அரண்மனையிலேயே இருக்கச் சொன்னான்.

சாகும்வரை அந்த ஓர் எழுத்து மட்டும் அவளுக்கு வரவே இல்லையாம். அவ்வளவு கெட்டிக்காரி.

ஆகவே, பெரியவர்களே, பிள்ளைகளே, இக்கதை சொல்லும் நீதி: ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவர் முன்னால் குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கும்; அதனிடம் பொறுமையாகக் கேட்பவர் முன்னால்தான் அது கற்கும்.