ஊற்றாமல் விட்ட தண்ணீர்

விருதுநகரில் கண்ணாடிக்கடை வைத்திருந்த ஒருவரைச் சிலர் குரு என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவார், படங்களுக்குச் சட்டம் போடுவார், மீன்தொட்டி ஒட்டித் தருவார். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் வேலையைப் பார்ப்பார். கடைச்சாமி என்று பெயர் நிலைத்துவிட்டது.

சீடர்களில் மூத்தவர் தவசிலிங்கம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வயது அறுபத்தெட்டு, சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அப்பன் வயசுக்காரர் மகன் வயசுக்காரனிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். தவசிலிங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்து கேட்டார்.

“சாமி, ஒழுகுறதை நிறுத்த என்ன வழி?”

அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் உடனே கண்ணை மூடிக்கொண்டார். மனசைப் பற்றிய கேள்வி என்று அவருக்குப் பட்டது. ஞானத்துக்கு ஆலாய்ப் பறப்பவர்களுக்கு எதைக் கேட்டாலும் ஞானம்தான்.

“எது ஒழுகுது?” என்றார் சாமி.

“வீட்டுல மீன்தொட்டி.”

கண்ணை மூடியவர் திறந்துகொண்டார்.

“எந்த இடத்துல?”

“பின்பக்கம், கீழ் மூலையில. ஒட்டு விட்டிருக்கு. வெளிய மெழுகு வச்சுப் பாத்தேன், பசை வச்சுப் பாத்தேன். நிக்கல.”

“வெளிய என்ன வச்சாலும் நிக்காது. தண்ணியை எடுத்துட்டுக் காய விடணும். உள்ள இருக்குற பழைய பசையைச் சுத்தமாச் சுரண்டணும். பழசு மேல புதுசு ஒட்டாது. ரெண்டு நாள் வேலை.”

“தண்ணியை எடுக்காம செய்ய முடியாதா?”

“முடியாது.”

“அப்ப வேண்டாம் சாமி.”

வேண்டாம் என்றாரே தவிர, கிளம்பவில்லை. மேஜை மேல் கிடந்த கண்ணாடித் துண்டு ஒன்றை விரலால் தள்ளிக்கொண்டே நின்றார்.

“ஏன் வேண்டாம் அண்ணாச்சி?”

தவசிலிங்கத்தின் மனைவி தங்கபுஷ்பம் பங்குனியில் இறந்துபோனாள். அவர் கடைக்கு வந்த இந்த ஞாயிறன்று ஆனி பிறந்திருந்தது.

“அவளை எடுத்துட்டுப் போனதும் வீட்டுல இருந்த தண்ணியெல்லாம் கீழ ஊத்திட்டாக. குடம், அண்டா, ஃபில்டர்ல இருந்தது வரைக்கும். தீட்டுன்னாக. தொட்டிகிட்ட வந்தப்ப நான் மறிச்சேன். உசிரு இருக்குற தண்ணி, விட்டுருங்கன்னேன். விட்டுட்டாக. அது ஒண்ணுதான் சாமி அவ ஊத்துன தண்ணி.”

“மீனு எப்படி இருக்கு?”

“பதினோரு கோல்டு ஃபிஷ் இருந்துச்சு. இப்ப மூணு. அவ கையால தின்னு வளந்ததுக. அந்த ஏக்கத்துலயே ஒண்ணொண்ணாப் போகுதுக. என் கதைதான் அதுகளுக்கும்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. குற்றம் சொல்வதற்கில்லை. தனியாக அழுகிறவனுக்கு, கூடச் சேர்ந்து அழ மீனாவது கிடைத்தால் ஆறுதல்தான்.

சாமி கடையை ஒருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரோடு நடந்தார்.

படி ஏறும்போதே பினாயில் வாசம் வந்தது. வீடு பளிச்சென்று இருந்தது. தனிக்கட்டை வீடு மாதிரி இல்லை. தொட்டி சுவரோரம் ஒரு மேஜை மேல் இருந்தது, தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. மூன்று மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

சாமி நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேஜைக் கால் வழியாக இறங்கிய தண்ணீர் தரையில் ஓடியது. தவசிலிங்கம் மூலையில் தொங்கிய துணியை எடுத்தார். ஒரு சொட்டு விடாமல் துடைத்தார். எழுந்து தொட்டிக்குள் பிழிந்தார். மறுபடி குனிந்தார், துடைத்தார், பிழிந்தார். முழங்கால் வலிக்காரர், ஒவ்வொரு தடவையும் மேஜையைப் பிடித்துத்தான் எழுந்தார்.

“தினமும் இப்படியா?”

“ரெண்டு மாசமா இதான் சாமி என் வேலை. வீணாப் போக விடல.”

சாமி சற்று நேரம் மீனைப் பார்த்தார்.

“குடிக்கத் தண்ணி குடுங்க.”

தவசிலிங்கம் உள்ளே போய் டம்ளரில் கொண்டுவந்தார்.

“இது வேண்டாம்” என்று சாமி தொட்டியைக் காட்டினார். “அதுலருந்து குடுங்க.”

“விளையாடாதீங்க சாமி.”

“தாகமா இருக்கு.”

“அதைக் குடிக்கக் கூடாது.”

“அவங்க ஊத்துன தண்ணிதான?”

“தரையில ஓடுனது சாமி. துடைச்சுப் பிழிஞ்சது.”

“தரை சுத்தமாத்தான இருக்கு?”

“சுத்தத்துக்கு என்ன குறை? அவ செஞ்ச மாதிரியே தினம் காலையில பினாயில் ஊத்தி, இந்தத் துணியாலதான்...”



துணியைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப மீனு செத்தது ஏக்கத்துல இல்லையா சாமி?”

“இல்ல.”

“நான்தானா?”

“ஆமா அண்ணாச்சி.”

வேறு யாராக இருந்தாலும், தெரியாமல் நடந்தது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று தோளைத் தட்டியிருப்பார்கள். சாமி தட்டவில்லை. கல்மனசு என்றுதான் நமக்குத் தோன்றும். தோன்றட்டும். அவர் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய், முந்தின நாள் பிடித்துவைத்த தண்ணீர் ஒரு பக்கெட் வாங்கிவந்தார். சொம்பால் மீன்களை அள்ளி அதில் விட்டார்.

சாய்ந்திருந்த மீன் உடனே செத்தது. மற்றொன்று அரைமணி நேரம் தாங்கியது. மூன்றாவது மத்தியானம் வரை பக்கெட்டின் அடியில் கிடந்து செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. தவசிலிங்கம் மூன்றையும் தானே எடுத்துப்போய்க் கொல்லையில் புதைத்துவிட்டு வந்தார். கையைக் கழுவவில்லை.

சாமி ஒரு ரப்பர் டியூபின் நுனியைத் தொட்டிக்குள் விட்டார்.

“அந்த முனையைப் பிடிங்க அண்ணாச்சி. தண்ணியை எடுத்துரலாம்.”

தவசிலிங்கம் பிடிக்கவில்லை. தொட்டியை இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த மூலையிலிருந்து கசிந்த தண்ணீர் அவர் சட்டையை நனைத்தது. அவர் அழுதார், அடக்கப் பார்க்கவில்லை.

“மீனுந்தான் போயிருச்சு. இதையும் ஊத்திட்டா, அவ தண்ணி ஒரு சொட்டுக்கூட வீட்டுல இருக்காது சாமி.”

சாமி தரையில் கிடந்த துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“அவங்க தண்ணி எப்பவோ போயிருச்சு அண்ணாச்சி. இது நீங்க பிழிஞ்சது.”